வண்டியில் வைத்த கை

மார்ச் 3, திங்கள்

தம்பி சொல்லிச் சொல்லி, இன்றுதான் 'ஹேண்ட்ஸ் ஆன் எ ஹார்ட் பாடி' ஆவணப்படத்தைப் பாதி வரை பார்த்தேன். 1997இல் வந்த படம். டெக்சஸில் லாங்வியூ என்ற ஊர். 1995இல் அங்கே கார் விற்கும் இடத்தின் வாசலில் ஒரு புது நிசான் பிக்அப் வண்டியை நிறுத்தி, 24 பேரைச் சுற்றி நிற்க வைக்கிறார்கள். கையுறை போட்ட கை ஒன்றாவது வண்டிமேல் இருக்கவேண்டும். சாயக் கூடாது, குந்தக் கூடாது. கடைசிவரை கையை எடுக்காதவருக்கு வண்டி சொந்தம்.

எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள் போலிருக்கிறது. எனக்குக் கண் காலிலேயே நின்றது. ஜவுளிக்கடையில் ஒன்பது வருஷம் நின்றவள் நான்.

மார்ச் 4, செவ்வாய்

மீதியையும் பார்த்துவிட்டேன். மணிக்கு ஒரு தடவை 5 நிமிஷம் ஓய்வு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை 15 நிமிஷம். கேட்பவர்களுக்கு இது இரக்கம் மாதிரி தெரியும். எனக்கு அதுதான் கொடுமையாகத் தெரிந்தது. தீபாவளி சமயத்தில் இரவு பதினொன்று வரை நிற்போம். நிற்கும்வரை கால் மரத்துப்போய்க் கிடக்கும். சேலைக்கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்து ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து எழுந்தால் போதும், குதிகாலில் ஊசி இறங்கும். அந்த எழுந்திருத்தலை இவர்கள் ஒவ்வொரு மணிக்கும் செய்கிறார்கள், ராத்திரி பகலாக.

ஒரு அம்மா காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஜெபத்திலேயே நிற்கிறார். அவருக்காக சபையாரும் ஜெபிக்கிறார்கள். திடீரென்று சிரிப்பு பொங்கி அடக்கமுடியாமல் குலுங்குகிறார். 1992இல் ஜெயித்த ஒருவரும் திரும்ப வந்திருக்கிறார். மனசு கலங்காமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம் என்கிறார். 77 மணி நேரம் போனது போட்டி. படம் எடுத்தவர் எஸ்.ஆர். பிண்ட்லர். யாரையும் கேலிப்பொருளாக்காமல் எடுத்திருக்கிறார். அதற்காகவே அவரைப் பிடித்துவிட்டது.

மார்ச் 6, வியாழன்

தேடிப் படித்ததில் மனசு கனத்துவிட்டது. 2005 போட்டியில் பாதியில் விலகிய ஒருவர் சற்று நேரத்திலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அதோடு போட்டியையே நிறுத்திவிட்டார்கள். தூக்கம் இல்லாத மூளை என்னென்ன நினைக்கும் என்று அவர்களுக்கு முன்பே தெரியாதா? படத்தில் அவ்வளவு தெளிவாக இருக்கிறதே!

நம் ஊரில் கடை ஊழியருக்கு இருக்கை போடவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது 2021இல். அதற்குள் நான் வேலையை விட்டிருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

கூட வேலை பார்த்த அக்காவுக்குப் போன் பண்ணி முழுக்கதையும் சொன்னேன். இன்னும் கடையில்தான் இருக்கிறாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஏன்டி, மூணு நாளா தூங்காத மனுஷன் கையில சாவியைக் குடுத்தா, அவரு எப்படி வண்டியை ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போவாரு?"

எனக்கு அது தோன்றவே இல்லை.