தேடினால் கிடைக்குமா?

வேலை இல்லாதவரிடம் "தேடினால் கிடைக்கும்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்கு மாறும் இடைவெளியில் இருப்பவருக்குச் சரி. 2020 மே மாதம், நடமாட்டக் கட்டுப்பாட்டில், மலேசியாவின் வேலையின்மை 5.3 சதவீதமானது. அது ஊரே முடங்கியதால் வந்தது, ஆள் மேல் குற்றமில்லை.

எனக்கு மனம் கனப்பது கட்டமைப்பு வேலையின்மையை, அதாவது தொழிலே மாறிப்போய் தெரிந்த வேலைக்கு இடமில்லாமல் போவதை, நினைத்துத்தான். பால்மரத் (ரப்பர்) தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறியபோது, பால்வெட்டு மட்டுமே தெரிந்த நம் தாத்தா பாட்டிகள் எங்கே போய்த் தேடுவார்கள்? வேலையோடு, தோட்டத்தில் குடியிருந்த லயத்து வீடும் போனது. அவர்களைச் சோம்பேறி என்றவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. இங்கே பினாங்கில், 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையை நம்பி எத்தனையோ நம் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கும் அதே நிலை வராமலிருக்க, புதிய இயந்திரம் வருவதற்கு முன்பே பயிற்சி வரவேண்டும்.

அப்புறம், தம்பி தங்கைகளே, ஆட்குறைப்பில் வேலை போனால் 60 நாளுக்குள் பெர்கேசோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) வேலை காப்புறுதிக்கு விண்ணப்பியுங்கள். தகுதி இருந்தால் முதல் மாதம், உச்சவரம்புக்கு உட்பட்டு, சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். தானாக விலகியவருக்குக் கிடையாது. அதனால் முதலாளி ராஜினாமா கடிதம் கேட்டால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.