பவர் பத்திரம் எழுதினால் மட்டும் போதாது

பெற்றோருக்கு வயதானதும் பல வீடுகளில் முதலில் செய்வது, ஒரு பிள்ளை பேரில் பவர், அதாவது அவர்கள் சார்பில் செயல்படும் அதிகாரம், எழுதி வாங்குவது. அதில் ஒரு சிக்கல். பல நாடுகளில் சாதாரண பவர், எழுதிக்கொடுத்தவர் சுயநினைவோ முடிவெடுக்கும் திறனோ இழந்த அன்றே செல்லாது. அதாவது, மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும். திறன் போன பிறகும் தொடரும் பவருக்கு உங்கள் சட்டத்தில் இடம் உண்டா என்று வக்கீலிடம் கேளுங்கள். இல்லையென்றால் நீதிமன்றம் போய்த்தான் பாதுகாவலரை நியமிக்க வேண்டியிருக்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

மறதி நோய் என்று மருத்துவர் சொன்னால் தள்ளிப்போடவே கூடாது. ஆரம்பக் கட்டத்தில் பெரும்பாலானவர்களால் புரிந்து கையெழுத்திட முடியும். காலை நேரத்தில் தெளிவாக இருப்பார் என்றால் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய தேதியில் மருத்துவரின் சான்றும் வாங்கிவிட்டால், பின்னால் வழக்கு வந்தாலும் தாங்க வாய்ப்பு அதிகம்.

உயிலில் சொத்து பெறுபவரையே சாட்சியாகப் போடாதீர்கள். அசல் உயிலை, எழுதியவர் மட்டுமே திறக்கக்கூடிய வங்கி லாக்கரில் பூட்டிவைப்பதும் பெரிய தவறு. அவர் போன பிறகு லாக்கரைத் திறக்கவே உயில் கேட்பார்கள்!

வென்டிலேட்டர், குழாய்வழி உணவு, இதயம் நின்றால் மீண்டும் இயக்க முயல்வதா என்பதையெல்லாம் பெற்றோரிடமே கேட்டு எழுதி வையுங்கள். கேட்கச் சங்கடம்தான். ஆனால் ஐசியூ வாசலில் அண்ணனும் தங்கையும் சண்டை போடுவது அதைவிடக் கொடுமை. கூடவே ஒரு தாளில் மருந்துப் பெயர், மில்லிகிராம், வேளை, ஒவ்வாமை எல்லாம் எழுதி, தேதி போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். மருந்து மாறினால் தாளையும் அன்றே மாற்றுங்கள்.