முகம் சுளிக்க வைக்கும் சொல்லும் துரத்தி வரும் சொல்லும்

பெண்களை இழிவுபடுத்தும் பேச்சைச் சட்டத்தால் தடுக்கலாமா என்று யாராவது கேட்டால், சில ஆண்டுகளுக்கு முன்பு வரை என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: பேச்சுக்குப் பேச்சுதான் மருந்து, பிடிக்காதவர்கள் படிக்காமல் விட்டுவிடலாம். தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்த தோழி ஒருத்தி தனக்கு வரும் செய்திகளைப் பற்றிச் சொன்னபோதும் அதையேதான் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். வசவுகள் நிறைந்திருக்கும் என்று நினைத்து வாங்கினேன்; ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. 'இன்று ஏன் தாமதம்?' என்று ஒன்று. 'புதுக் கண்ணாடி நன்றாக இருக்கிறது' என்று இன்னொன்று. ஒவ்வொன்றும் வேறு வேறு பெயரில் வந்திருந்தது. ஒவ்வொரு பெயரையும் அவள் தடை செய்திருந்தாள்.

ஏறக்குறைய இதே போன்ற ஒரு வழக்கு 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. கொலராடோவைச் சேர்ந்த ஒரு பாடகிக்கு, அவர் சந்தித்தே இராத ஒருவர் 2014 முதல் இரண்டு ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான செய்திகளை அனுப்பினார். காலை வணக்கம் சொல்வது, கடைக்குப் போகிறேன் ஏதாவது வேண்டுமா என்று கேட்பது போன்ற செய்திகளுக்கு நடுவே, செத்துப்போ என்ற தொனியிலும் சில வந்தன. பாடகி தடை செய்யத் தடை செய்ய, அந்த மனிதர் புதுக் கணக்கு தொடங்கி வந்துகொண்டே இருந்தார். பாடகி பயந்துபோய் மேடை நிகழ்ச்சிகளைக் கைவிட்டார். கீழ் நீதிமன்றங்கள் அந்த மனிதரைத் தண்டித்தன. உச்ச நீதிமன்றமோ, தன் சொல் மிரட்டலாகக் கொள்ளப்படக்கூடும் என்று தெரிந்தும் அதைப் பொருட்படுத்தாமல் அவர் நடந்துகொண்டார் என்பதையாவது அரசுத் தரப்பு நிறுவ வேண்டும் என்று கூறி, 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. எங்கே சட்டம் பாயுமோ என்ற அச்சத்தில் மக்கள் சொல்ல வேண்டியதையும் விழுங்கிவிடக் கூடாது என்பது நீதிபதிகளின் கவலை. அந்தக் கவலையை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். ஆனால் அந்த வழக்கில் உண்மையாகவே தன் குரலை விழுங்கிக்கொண்டவர் பாடகிதான் என்பதையும் என்னால் மறக்க முடியவில்லை.

அப்படியானால் கடுமையான சட்டம் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு, அந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்து பார்த்திருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஆபாசமானவற்றை அஞ்சலில் அனுப்பக் கூடாது என்று 1873-இல் கொண்டுவந்த சட்டம் கருத்தடை பற்றிய தகவலையும் ஆபாசத்தோடு சேர்த்தது. பெண்களுக்காகப் பத்திரிகை நடத்திய மார்கரெட் சாங்கர் என்ற செவிலியர் மீது 1914-இல் குற்றச்சாட்டுப் பதிவானது அந்தச் சட்டத்தின் கீழ்தான். கனடாவின் உச்ச நீதிமன்றம் 1992-இல் வழங்கிய பட்லர் தீர்ப்பு இன்னும் நுட்பமானது. ஆபாசத்தை ஒழுக்கக்கேடு என்ற கோணத்தில் அளக்காமல், பெண்களின் சமத்துவத்துக்கு அதனால் விளையும் தீங்கைக் கொண்டு அளக்க வேண்டும் என்று அது சொன்னது. பெண்ணியவாதிகள் பலர் வரவேற்ற அந்தத் தீர்ப்பு வந்த அதே ஆண்டில், தன்பாலீர்ப்புப் பெண்களே தங்களுக்காக நடத்திய ஓர் இதழை விற்றதற்காக டொராண்டோவில் ஒரு புத்தகக் கடைக்குள் காவல் துறை நுழைந்தது.

குஷ்பு வழக்கு நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி 2005-இல் ஒரு பேட்டியில் சொன்ன கருத்துக்காக அவர் மீது 23 வழக்குகள் தொடரப்பட்டன; 2010-இல் உச்ச நீதிமன்றம் அவை அனைத்தையும் ரத்து செய்தது. அந்தப் புகார்களில் எடுத்தாளப்பட்ட பிரிவுகளுள் பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் சொல்லைத் தண்டிக்கும் பிரிவும், பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தன என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பெண்ணைக் காக்கவென்று எழுதிய பிரிவுகளைக் கொண்டே, வாய் திறந்த ஒரு பெண்ணை நீதிமன்றப் படியேற வைத்தார்கள். 'மானம்' என்ற சொல் சட்டத்துக்குள் நுழைந்துவிட்டால், எது மானம் என்று தீர்மானிக்கும் உரிமை சம்பந்தப்பட்ட பெண்ணிடம் இருப்பதில்லை.

ஆகவே, ஒரு சொல் எவ்வளவு அருவருப்பானது என்று அளப்பதை விட்டுவிட்டு, அது யாரை நோக்கி, எத்தனை முறை, எந்த வழியில் போகிறது என்று பார்ப்பதே சரி என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-லேயே இதற்கொரு வழி காட்டினார். தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று அச்சில் எழுதுபவரை விட்டுவிட வேண்டும்; அதையே வியாபாரியின் வீட்டு வாசலில் கொதித்து நிற்கும் கூட்டத்திடம் ஒருவர் முழங்கினால் தண்டிக்கலாம் என்றார். (அவரே பத்து ஆண்டுகள் கழித்துப் பெண்கள் அடிமைப்பட்டிருப்பதை எதிர்த்து ஒரு தனி நூல் எழுதினார் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.) பெண்கள் ஆளத் தகுதியற்றவர்கள் என்று ஒருவர் கட்டுரை எழுதினால் எனக்குக் கோபம் வரும், பதில் எழுதுவேன், அவரைச் சிறைக்கு அனுப்பச் சொல்ல மாட்டேன். அவரே ஒரு பெண்ணின் முகவரியை வெளியிட்டு, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினால், அதில் கருத்து என்று காப்பாற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இங்கிலாந்தில் 2013-இல் பணத்தாளில் ராணியைத் தவிர இன்னொரு பெண்ணின் முகமும் இருக்க வேண்டும் என்று கோரிய ஒருவருக்குப் பாலியல் வன்முறை மிரட்டல்கள் குவிந்தபோது, இருவர் சிறை சென்றார்கள். அந்த இருவரில் ஒருவர் பெண். பணத்தாளில் யார் முகம் இருக்க வேண்டும் என்ற விவாதம் அந்தத் தண்டனையால் எதையும் இழக்கவில்லை.

இந்த அளவுகோலுக்கும் பிடிபடாத ஒரு பகுதி உண்டு: எந்தத் தனிப் பெண்ணையும் சுட்டாமல், பெண்கள் அனைவருக்கும் எதிராக வன்முறையைத் தூண்டும் பேச்சு. 1966-ஆம் ஆண்டின் குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை, 20-ஆம் பிரிவில், தேசியம், இனம், மதம் சார்ந்த வெறுப்பைத் தூண்டுவதைச் சட்டம் தடை செய்ய வேண்டும் என்கிறது. அந்தப் பட்டியலில் பாலினம் இல்லை. விடுபட்ட சொல்லைச் சேர்த்துவிடலாம்தான். ஆனால் ஐக்கிய நாடுகள் அவையின் முயற்சியில் 2012-இல் உருவான ரபாத் செயல்திட்டம், வெறுப்புப் பேச்சு எப்போது குற்றமாகும் என்று தீர்மானிக்க, சூழல், பேசுபவரின் செல்வாக்கு, நோக்கம், பேச்சின் உள்ளடக்கமும் வடிவமும், அது எட்டும் பரப்பு, தீங்கு நேரும் வாய்ப்பு என்று ஆறு கோணங்களில் பார்க்கச் சொல்கிறது. அந்த ஆறையும் கடந்து வராத எந்தப் பேச்சையும் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண்களை மட்டம் தட்டும் பழைய நகைச்சுவைகள் பெரும்பாலும் அந்த இடத்தை எட்டாது. அவற்றைச் சிரிக்காமல் கடந்துபோகும் வேலை நம்முடையது.

தோழி கடைசியில் புகார் கொடுத்தாள். இரண்டு மாலைப்பொழுதுகள் உட்கார்ந்து, செய்திகளைத் தேதி, நேரம், அனுப்பிய பெயர் என்று வரிசைப்படுத்தி எழுதினோம். எந்தப் பெயரை எப்போது தடை செய்தாள், அடுத்த பெயர் எத்தனை மணி நேரத்தில் வந்தது என்பதற்குக் கடைசியில் ஒரு தனி நெடுவரிசை. புகாரை வாங்கியவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "இதில் எந்தச் செய்தி தப்பு?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல், அந்தக் கடைசி நெடுவரிசையின் மேல் விரலை வைத்துக் கீழே வரை இழுத்துக் காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தாளிலிருந்து மறுபடியும் படிக்கத் தொடங்கினார்.