கடப்பு

எங்கள் ஊர் வேலிகளில் கடப்பு என்று ஒன்று இருந்தது. கிளுவையும் பூவரசும் நெருக்கி நின்ற வேலியில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு, முழங்கால் உயரத்தில் பனங்குற்றி ஒன்றைக் குறுக்கே போட்டிருப்பார்கள். மாடு வராது, மனிதர் காலைத் தூக்கி வைத்து அப்பால் போய்விடலாம். அந்தச் சொல்லை நான் பல வருடங்களாகச் சொன்னதேயில்லை. ஒருநாள் லண்டனுக்கு வெளியே செஷம் என்ற சிறு பட்டணத்தைத் தாண்டி நடந்தபோது, வயல் வேலி ஒன்றின் குறுக்கே போட்டிருந்த பலகையில் கால் வைத்தேன். வாய் தன்பாட்டில் "கடப்பு" என்றது. கூட வந்த மகள் "என்னப்பா?" என்று கேட்டாள். அன்று முழுக்க அவளுக்கு நான் யாழ்ப்பாணத்து வழுக்கையாற்றைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

செஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் செஷத்திலிருந்து றிக்மன்ஸ்வேர்த் வரை 10 மைல் நடைபாதை இருக்கிறது. இரண்டு முனையிலும் மெற்றோபொலிற்றன் ரயில் நிற்பதால் கார் தேவையில்லை. நம் கல்லூரிச் சங்கத்து நண்பர்கள் ஒருமுறையாவது போய் வாருங்கள். மழைநீர் சோக்கு என்கிற வெண்சுண்ணப் பாறைக்குள் இறங்கி வடிந்து ஊற்றாய்க் கிளம்பும் ஆறு அது. அடியில் கிடக்கிற கல் ஒவ்வொன்றும் தெரியும். ஊற்றுநீர் பனிக்காலத்திலும் 10 பாகை அளவில் இருக்கும், உறையாது. அதனால்தான் சரற் கிராமத்தடியில் அந்த நீரைப் பாத்திகளுக்குள் விட்டு வாட்டர்கிரெஸ் வளர்த்தார்கள். அந்தக் கீரையை வாயில் போட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் பொறுத்துக் கடுகைக் கடித்த மாதிரி உறைக்கும்.

ஆற்றைவிட என்னைப் பிடித்து நிறுத்தியவை வயல்கள்தான். பாதை விதைத்த வயலின் நடுவாலேயே போகிறது. கமக்காரர் உழுதால் 14 நாளுக்குள் அந்தப் பாதையை ஒரு மீற்றர் அகலத்துக்காவது திரும்ப நடக்கத்தக்கதாய் ஆக்கிவிட வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. பிரித்தானிய வரைபட நிறுவனமான ஓட்னன்ஸ் சேர்வேயின் எக்ஸ்புளோரர் 172ஆம் வரைபடத்தில் இந்த நடைபாதைகள் எல்லாம் பச்சைக் கீற்றுக்கோடுகளாய் ஓடும். அதை விரிக்கும்போதெல்லாம் எங்கள் புவியியல் சேர் என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

1980 டிசம்பர் விடுமுறையில் சேர் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு வழுக்கையாறு முழுவதையும் நடந்தார். குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருக்கிறது அது ஒன்றுதான்; அதுவும் மாரியில் மட்டும். தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி என்று வயலும் தறையுமாய் இறங்கி அராலியில் கடலேரிக்குப் போகிறது. நீளம் ஏறக்குறைய 16 கிலோமீற்றர், அதாவது அந்தச் செஸ் நடைபாதையின் நீளமேதான்.

விடிய ஆறு மணிக்குப் புறப்பட்டோம். முதல் நாள் இரவு பெய்த மழையில் வாய்க்கால் எல்லாம் தளும்பிக் கிடந்தது. சேர் கையில் நில அளவைத் திணைக்களத்தின் ஓர் அங்குல வரைபடம், பொலித்தீனில் சுற்றியபடி. எங்கள் கையில் கொப்பியும் பென்சிலும், தோளில் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிய பொட்டலம். அளவெட்டியில் மொட்டைக்கறுப்பன் நெற்பயிர் முழங்கால் மட்டத்துக்கு நின்றது. தண்ணீர் விட வரம்பை வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "வாத்தியார், வரம்பாலை போங்கோ. பெடியள் பயிரை மிதிக்காமல் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். அவ்வளவுதான். அன்று முழுவதும் எத்தனை பேருடைய வயலையும் தோட்டத்தையும் தாண்டினோம்! ஏன் வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வேலி வந்த இடமெல்லாம் கடப்பு இருந்தது. வாய்க்கால் வந்த இடத்தில் பனங்குற்றி கிடந்தது.

கந்தரோடையில் பழைய பௌத்த தாதுகோபங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தோம். சேருக்கு அன்று அவற்றில் மனம் இல்லை. பக்கத்துக் கிணற்றடியில் கிடந்த சுண்ணக்கல் துண்டு ஒன்றைத் தூக்கி வந்து மதகில் வைத்தார். தன்னுடைய தேத்தண்ணிப் போத்தல் மூடியில் தண்ணீர் எடுத்து அந்தக் கல்லின் மேல் மெல்ல ஊற்றினார். கல்லின் நிறம் கறுத்தது. தண்ணீர் வழியவில்லை. இன்னொரு மூடி ஊற்றினார். அதுவும் உள்ளே போய்விட்டது. மூன்றாவதில்தான் ஓரத்தால் ஒரு துளி விழுந்தது.

"ஆறு கடலுக்கு ஓடுது எண்டு நினைக்கிறியள். இல்லை, அதை நிலம் குடிக்குது. குடிச்ச மிச்சம்தான் அராலிக்குப் போகுது" என்றார்.

குடித்த நீர் கீழே உவர்நீருக்கு மேல் மிதந்து நிற்பதையும், கிணற்றை மட்டுமட்டாக இறைக்காவிட்டால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும் என்பதையும் அந்த மதகில் இருந்தபடியேதான் சொன்னார். சோக்குப் பாறையும் இதே சாதிக் கல்தான், இங்கிலாந்தில் அதிலிருந்து தெளிந்த ஆறுகள் பிறக்கின்றன என்றும் சொன்னார். அவர் இங்கிலாந்தைக் கண்டவரல்லர். செஸ்ஸின் மேற்பகுதி அண்மைக் கோடைகளில் வற்றியதற்கு நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்ததும் ஒரு காரணம் என்று அறிந்தபோது, அந்த மதகடிப் பேச்சு எழுத்துக்கு எழுத்து எனக்குள் திரும்பி வந்தது.

அராலி வெளிக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. உவர்நீர் மேலேறாமல் மறிக்கும் கதவுகளடியில் கொக்குகள் வரிசையாய் நின்றன. சேர் எங்கள் கொப்பிகளை வாங்கி, நாங்கள் கீறிய பாதையைத் தன் வரைபடத்தோடு ஒத்துப் பார்த்தார். வரைபடத்தில் இல்லாத பல ஒற்றையடிப் பாதைகளும் கடப்புகளும் எங்கள் கொப்பிகளில் இருந்தன. அவர் முகம் மலர்ந்ததை நான் இன்றும் காண்கிறேன்.

2018 டிசம்பரில் அதே வழியை மருமகனோடு நடந்து பார்க்கப் போனேன். ஆற்றில் வெள்ளம் ஓடியது, வயல் பச்சையாய் நின்றது, ஆள்காட்டிக் குருவி அதே குரலில் கத்தியது. பாதைதான் இல்லை. கிளுவை வேலிகள் நின்ற இடமெல்லாம் சீமெந்து மதில். மதிலில் கடப்பு வைக்க முடியாது. நான்கு இடத்தில் திரும்பிப் போய்த் தார் றோட்டைச் சுற்றி வந்தோம். சண்டிலிப்பாயில் எங்களை மறித்தது என் அக்கா வீட்டு மதில். 1996இல் அவர்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வேலியில் ஒரு கதியால்கூட மிஞ்சியிருக்கவில்லை. பயத்தில் மதில் கேட்டார்கள். காசு அனுப்பியவன் நான். அந்த வளவின் பின்புறத்தால் வயலுக்கு வழி இருந்ததும், பள்ளிப் பிள்ளைகள் அதால் போய் வந்ததும் எனக்குத் தெரியும். காசு அனுப்பியபோது அதை நான் நினைக்கவேயில்லை. மதிலைத் தொட்டுக்கொண்டு நின்றபோதுதான் நினைத்தேன். அது என்னைச் சுட்டது.

அக்காவோடு பேசியாயிற்று. வயல் பக்க மதிலை ஓர் ஆள் அகலத்துக்கு இடித்து, பூட்டில்லாத சிறு படலை ஒன்று போடச் சம்மதித்திருக்கிறா. ஆற்றோரம் காணி வைத்திருக்கிற நம் சங்கத்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டாரிடமும் ஒருதரம் கேட்டுப் பாருங்கள். கல்லூரியின் இன்றைய புவியியல் ஆசிரியர் மாரியில் மாணவரைக் கூட்டிக்கொண்டு நடக்க ஆயத்தமாயிருக்கிறார். எந்த வழியால் என்று அவருக்குச் சொல்லத்தான் வேண்டும்.

அதற்காக ஒரு வேண்டுகோள். என் கொப்பி இடப்பெயர்வில் போய்விட்டது. அன்று நடந்த பதினொரு பேரில் யாரிடமாவது, அல்லது அவர்கள் வீட்டுப் பெட்டகம் எதிலாவது, அந்தக் கொப்பி இருந்தால் வரைபடப் பக்கத்தை மட்டும் படம் எடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்பிவையுங்கள். பென்சில் மங்கியிருந்தாலும் பரவாயில்லை. கடப்புகளை நாங்கள் சிறு பெருக்கல் குறியால் காட்டியிருந்தோம்.