குளுக்கோஸ் ஆக்சிடேஸ் எலக்ட்ரோடு: அந்த அழகான முகடுகளை நம்பாதீர்கள்

குளுக்கோஸை அளக்கும் உணரிக்காக, குளுக்கோஸை ஆக்சிஜனேற்றும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியை எலக்ட்ரோடில் ஒட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கிளாஸி கார்பன் எலக்ட்ரோடை அலுமினா தூளில் தேய்த்து, பரப்பு சுத்தமா என்று ஃபெர்ரிசயனைடு கரைசலில் ஓட்டிப் பார்த்து (முகட்டு இடைவெளி 70 மில்லிவோல்ட் பக்கம் வந்தால் போதும்), கார்பன் நானோகுழாய் பூசி, அதன் மேல் நொதியை ஒரு சொட்டு விட்டு உலர்த்தியாயிற்று. வதை அதற்கு அப்புறம்தான்.

ஆக்சிஜனை விரட்ட நைட்ரஜன் செலுத்திய பிஎச் 7 பஃபரில் சைக்ளிக் வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரைவது) எடுத்தால், சில்வர் குளோரைடு ரெஃபரன்ஸுக்கு மைனஸ் 0.45 வோல்ட் அருகே ஜோடி முகடுகள் கண்ணாடியில் பார்த்த மாதிரி சமமாக வந்தன. குழுவில் எல்லாருக்கும் சந்தோஷம். எலக்ட்ரானைச் சுமந்து செல்லும் இடைத்தரகு மூலக்கூறான மீடியேட்டரே இல்லாமல் நொதி எலக்ட்ரோடுக்கு நேராக எலக்ட்ரான் கொடுக்கிறது என்று எழுதிவிடலாம், அப்படி எழுதிய கட்டுரைகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் குளுக்கோஸ் ஊற்றினால் ஒன்றுமே நடக்கவில்லை. நொதி உண்மையிலேயே எலக்ட்ரானைக் கொடுத்தால் அந்த இடத்தில் ஆக்சிஜனேற்ற மின்னோட்டம் எகிற வேண்டும். முகடு அசையவே இல்லை.

மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவர், நைட்ரஜனை நிறுத்திவிட்டுக் காற்றிலேயே எடு, மாற்றம் தெரியும் என்றார். தெரிந்தது. குளுக்கோஸ் கூடக் கூட ஒடுக்க மின்னோட்டம் குறைந்துகொண்டே போனது. ஆனால் அது நொதி கரைசலில் உள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்ப்பதால் வருவது. குளுக்கோஸை அளக்க அது உதவும், நேரடி எலக்ட்ரான் பரிமாற்றத்துக்குச் சாட்சி ஆகாது. "எல்லாரும் இப்படித்தானே போடுகிறார்கள், நீ மட்டும் ஏன் குடைகிறாய்?" என்றார். குடையாமல் விட்டிருந்தால் முதல் மதிப்பீட்டாளரே கிழித்திருப்பார்.

விஷயம் இதுதான். இந்த நொதியில் எலக்ட்ரானைக் கையாளும் எஃப்ஏடி என்ற சிறு துணைமூலக்கூறு, புரதத்தின் உள்ளே 10 ஆங்ஸ்ட்ராமுக்கும் (ஒரு நானோமீட்டருக்கும்) மேல் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது, அங்கிருந்து எலக்ட்ரான் எலக்ட்ரோடு வரை தாவுவது குதிரைக்கொம்பு. அதோடு எஃப்ஏடி சகப்பிணைப்பால் கட்டப்படவில்லை, கழன்று வரும், வந்தால் நானோகுழாயில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். தனி எஃப்ஏடியின் முகடு வருவதும் அதே மைனஸ் 0.45 பக்கம்தான்! விற்ற நிறுவனத்துக்கு, இந்தப் புட்டியில் தனி எஃப்ஏடி எவ்வளவு இருக்கும் என்று எழுதிக் கேட்டேன். எங்கள் தயாரிப்பு லேபிளில் உள்ள யூனிட் அளவுக்கு உட்பட்டது என்று பதில். யூனிட் என்பது வினைத்திறன், தூய்மை இல்லை. மறுபடி கேட்டேன், அதே வாக்கியத்தை வெட்டி ஒட்டி அனுப்பினார்கள்.

சரி, நாமே பார்ப்போம் என்று 30 கிலோடால்டனுக்கு (மூலக்கூறு எடை அலகு) மேற்பட்டதைத் தடுக்கும் வடிகட்டிக் குழாயில் போட்டுச் சுழற்றினேன். நொதி ஏறத்தாழ 160 கிலோடால்டன், மேலேயே நிற்கும். எஃப்ஏடி ஒரு கிலோடால்டன்கூட இல்லை, கீழே இறங்கிவிடும். கீழே இறங்கிய நீரை மட்டும் ஒரு புது எலக்ட்ரோடில் பூசி ஓட்டினால், நொதியே இல்லாத அந்த எலக்ட்ரோடில் அதே ஜோடி முகடுகள்! எரிச்சலும் நிம்மதியும் ஒன்றாக வந்தது அன்றுதான். மேலே நின்ற நொதியைத் திரும்பத் திரும்பக் கழுவிப் பூசியபோது முகடு சுருங்கியது, வினைத்திறனோ அப்படியே இருந்தது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எதையும் எழுதாதீர்கள்.

மலிவான புட்டி வாங்குகிறவர்கள் கேட்டலேஸ் என்ற வேறு நொதியின் கலப்பையும் பாருங்கள். வினையில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை அளந்து குளுக்கோஸைக் கணக்கிடுவதாக இருந்தால், அளக்க வேண்டியதை அது உடைத்துத் தின்றுவிடும். குளுக்கோஸ் கரைசலை முந்தின நாளே கலக்கி வையுங்கள், நொதிக்கு வேண்டியது பீட்டா வடிவம், தூளில் பெரும்பாலும் இருப்பது ஆல்ஃபா, அது சமநிலைக்கு வர நேரம் பிடிக்கும். ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு நுனியில் குமிழி நிற்கிறதா என்று தட்டிப் பார்ப்பதும் முக்கியம், பாதி மர்மங்கள் அங்கேயே தீரும்.

கடைசியில் கழுவிய நொதியை, மீடியேட்டராக வேலை செய்யும் ஆஸ்மியம் பாலிமரோடு சேர்த்துப் பிணைத்தேன். நைட்ரஜனில் குளுக்கோஸ் சேர்த்ததும், இந்த முறை ஆஸ்மியத்தின் மின்னழுத்தத்தில், வளைவு முகடை விட்டு மேலே ஏறித் தட்டையாக நின்றது, நான் முதலிலிருந்தே எதிர்பார்த்த வடிவம் அதுதான். காற்றில் மட்டும் ஆக்சிஜன் இன்னும் நொதியின் எலக்ட்ரானில் பங்கு கேட்கிறது. அதற்காக, ஆக்சிஜனைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளாத எஃப்ஏடி குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் என்ற வேறொரு நொதி கேட்டு விண்ணப்பித்தேன். குளுக்கோஸ் நொதிதான் ஏற்கெனவே வாங்கியாயிற்றே என்று கொள்முதல் பிரிவு படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.