அந்த மேசைக் குத்து

அந்த வீடியோ இன்றைக்கு மறுபடி கண்ணில் பட்டது. 2025 ஜூன் 1, நார்வே செஸ் போட்டி, ஆறாவது சுற்று. குகேஷுக்கு வெள்ளைக் காய்கள், உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த கார்ல்சனுக்குக் கருப்பு. உலக சாம்பியன் பட்டம் குகேஷிடம் இருந்தாலும் ரேட்டிங்கில் கார்ல்சனைவிடக் குறைந்தது 50 புள்ளி கீழே. முதல் சுற்றில் அவரிடம் தோற்றும் இருந்தார்.

இந்த ஆட்டத்திலும் நெடுநேரம் கார்ல்சன் கைதான் ஓங்கியிருந்தது. நானே "சரி, முடிந்தது" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். (இப்போது நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.) குகேஷ் விடவில்லை. 40 நகர்த்தல் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 10 விநாடிதான் கிடைக்கும். அந்த நெருக்கடியில் கார்ல்சன் 52ஆவது நகர்த்தலில் குதிரையால் ஒரு செக் வைத்தார். அது பெரிய தவறு. அங்கேதான் ஆட்டம் தலைகீழாகி குகேஷ் கைக்குப் போனது.

அப்புறம் தோற்ற கார்ல்சன் மேசையில் விட்ட அந்தக் குத்து. காய்கள் துள்ளி விழுந்தன.

எல்லோரும் அதைத்தான் ஷேர் செய்கிறார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்கு அடுத்த சில விநாடிகளை. ஜெயித்த பையன் கத்தவில்லை, கையை உயர்த்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, நம்ப முடியாமல் ஓரமாக நடக்கிறான். நூறு ஆட்டத்தில் 99 தோற்றிருப்பேன் என்று பிறகு அவனே சொன்னான்.