குடும்பம் என்னும் நிரல்

முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளத்தின் அலைகரையையும் அதையொட்டிய பாலை, வீரை மரக் காட்டையும் கணக்கெடுத்த குழுவில் வெளிக்கள உதவியாளனாகச் சேர்ந்தபோது, பறவைகளைப் பார்ப்பதுதான் வேலை என்று எண்ணியிருந்தேன். உண்மையில் பாதி வேலை மாலையில், விளக்கடியில், பதிவுத்தாளில் பறவையின் உறவுக்குழுவைக் குறிக்கும் ‘குடும்பம்’ என்ற நிரலை நிரப்புவதாக இருந்தது. கொக்கும் நாரையும் தொல்லை தரவில்லை. மெல்லிய அலகோடும் மங்கிய பச்சையோடும் இலைக்குள் துள்ளும் சிறு குருவிகளே என்னைத் திணறடித்தன.

என்னிடமிருந்த பழைய கையேடு தையல்சிட்டையும், வடக்கிலிருந்து குளிர்காலத்தில் வரும் இலைக் கதிர்க்குருவிகளையும் நாணற் கதிர்க்குருவிகளையும் சில்விடே என்ற ஒரே குடும்பத்தில் அடக்கியிருந்தது. அப்படியே எழுதினேன், தாள்கள் சிவப்பு மையோடு திரும்பின. 2006இல் வெளியான மரபணு ஆய்வு அப்பெருங்குடும்பத்தைக் கூறுகளாக்கி, இலைக் கதிர்க்குருவிகளுக்கும் நாணற் கதிர்க்குருவிகளுக்கும் தனிக் குடும்பங்களைத் தந்திருந்தது. தையல்சிட்டின் இடம் சிஸ்டிகோலிடே என்ற வேறொரு குடும்பம்.

தீவுகளில் குழப்பம் இன்னும் பெரிது. மடகஸ்காரில் தோற்றத்தை நம்பிக் கொண்டைக்குருவி, சிலம்பன், கதிர்க்குருவி எனப் பிரித்து வைத்திருந்த பல பறவைகள், அங்கேயே ஒரு மூதாதையிலிருந்து கிளைத்தவை என்று 2001இல் தெரியவந்தது. 2010இல் அவற்றுக்குப் பெர்னியரிடே என்ற குடும்பப்பெயர் முறைப்படி வழங்கப்பட்டது. தீவை வந்தடைந்த ஓரினத்தின் வழித்தோன்றல்கள் வெவ்வேறு இரைகளுக்கேற்ப அலகும் உடலும் மாறியிருக்க, நாம் அந்த அலகைப் பார்த்து உறவைத் தீர்மானித்திருக்கிறோம். என் தவறும் அதே வகையானது என்பதில் எனக்குச் சிறிய ஆறுதல்.

பங்குனியில் முகாமின் பின்புறத் தேக்கங்கன்றில் தையல்சிட்டின் கூடு கிடைத்தது. இலையின் இரு விளிம்புகளும் பஞ்சிழையால் இணைக்கப்பட்டிருந்தன. முடிச்சு எதுவும் இல்லை. ஒவ்வொரு துளைக்கும் வெளியே இழையின் நுனி பிசிறிப் பூத்து நின்றதால் தையல் நழுவவில்லை. அதை எனக்குக் காட்டிய காவற்கார ஐயா, வெள்ளைக்கண்ணியும் இதற்குச் சொந்தமோ என்று கேட்டார்.

“இல்லை ஐயா, அது புலுனிக்குத்தான் கிட்டின சொந்தம்.”

முற்றத்தில் கூட்டமாய்க் கத்தித் திரியும் புலுனியையும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் பூண்ட அந்தச் சின்னஞ்சிறு மஞ்சட்குருவியையும் ஒன்றாக நினைத்துப் பார்த்தவர், “ஆர் தம்பி உதைச் சொன்னது?” என்று சிரித்தார்.

இப்போது பறவையின் பெயரைப் பேனாவாலும் குடும்பப்பெயரைப் பென்சிலாலும் எழுதுகிறேன்.